விளக்கு மூடியின் ரிஃப்ளெக்டர் உரிந்தமை தொடர்பான முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
14.07.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

கடந்த மார்ச் மாதம் உங்கள் காட்சியறையில், நான்கடி மீன் தொட்டிக்கென 54 வாற் ரி5 குழாய்கள் (மெல்லிய புளோரசன்ட் விளக்குகள்) இரண்டு பூட்டிய மூடி ஒன்றை 38,500 ரூபாவுக்கு வாங்கினேன். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன். அதில் உங்கள் ஊழியரே தன் கைப்பட "பொலிஷ் பண்ணிய அலுமினிய ரிஃப்ளெக்டர்", அதாவது ஒளியைக் கீழே திருப்பும் தகடு, என்று எழுதியிருக்கிறார். என் முறைப்பாடு அந்த வார்த்தைகளைப் பற்றியதுதான்.

வந்த புதிதில் மூடியின் உட்புறம் மின்னிய மினுக்கத்துக்குக் குறைவில்லை. இதில் பார்த்துத் தலைவாரலாம் என்று அம்மா சொன்னார். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கியது. எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். யன்னல் கம்பியில்கூட உப்புப் பிசுக்கு ஒட்டும். அந்த உப்புக்காற்றும், தொட்டியில் இருந்து எழும் ஈரமும், குழாயின் சூடும் சேர, மினுக்கத்தின் ஓரங்கள் முதலில் கொப்பளித்தன. ஜூன் நடுப்பகுதியில் நாடா நாடாவாகத் தொங்கின. ஒரு ஞாயிறு காலை, நீரில் மிதந்த வெள்ளித் துணுக்குகளை இரையென்று நினைத்து செரி பார்ப் மீன்கள் கொத்திக்கொண்டிருந்தன. அன்றே மின்சாரத்தைத் துண்டித்து மூடியைக் கழற்றினேன்.

உள்ளே அலுமினியத் தகடு இல்லை. பிளாஸ்டிக் தாளில் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத உலோகப் பூச்சைப் பூசி, அந்தத் தாளைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். அதன் அடியில் சாம்பல் நிறத் தகரம். ஆணித் துளைகளைச் சுற்றித் துரு. குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன், டக்கென்று பிடித்துக்கொண்டது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நாகம் (சிங்க்) பூசிய தகரம் என்றால் கதை இன்னும் மோசம்: அதில் படிந்து சொட்டும் நீர் இறாலுக்கு நஞ்சு. என் தொட்டியில் இறால் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

தொலைபேசியில் கதைத்தபோது உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் இருந்தவர், "மினுக்கம்தானே முக்கியம், வேண்டுமென்றால் எவர்சில்வர் தகடு போட்டுத் தருகிறோம், அது துருப்பிடிக்காது" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் மினுக்கம் வேறு, ஒளியைத் திருப்பி அனுப்புவது வேறு. எவர்சில்வர் கண்ணைப் பறிக்கும், ஆனால் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 60 வீதத்தைத்தான் திருப்பித் தரும். பொலிஷ் பண்ணி அனோடைஸ் செய்த (மின்முறையில் பாதுகாப்புப் படலம் ஏற்றிய) அலுமினியம் சுமார் 85 வீதம் தரும். விளக்குக்கென்றே மேற்பூச்சிட்டுச் செய்யும் அலுமினியத் தகடுகள் 95 வீதம்வரை போகும். நல்ல வெள்ளைப் பெயின்ற்கூட 85 வீதத்தைத் தாண்டும். அது ஒளியைச் சிதறவிடும் என்பது உண்மை, ஆனாலும் உரியாது, மீன் கொத்தாது. பேசாமல் வெள்ளை பெயின்ற் அடித்துப் பாதி விலைக்குத் தந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். உரிந்த பகுதியில் பாதியை வெள்ளைப் பிரிஸ்டல் போட் மட்டையால் மறைத்து, தொட்டியின் அடியில் வெளிச்சத்தை ஒப்பிட்டேன். பிரிஸ்டல் போட் இருந்த பக்கமே பிரகாசம். சந்தி புத்தகக் கடையில் வாங்கிய மட்டை உங்கள் ரிஃப்ளெக்டரை வென்றுவிட்டது.

தகட்டின் வடிவமும் பிழை. குழாய்களுக்கு மேலே தட்டையாக ஒரு தகட்டை வைத்தால், மேலே போகும் ஒளியில் ஒரு பங்கு திரும்பி வந்து குழாயிலேயே விழுந்து வீணாகும். ரி5 குழாயின் விட்டம் 16 மில்லிமீற்றர்தான். இவ்வளவு மெல்லிய குழாய்க்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வளைத்த ரிஃப்ளெக்டர் வைத்தால் ஒளி குழாயைச் சுற்றிக் கீழே இறங்கும். நீங்கள் இதை வளைக்காததன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது: வளைத்தால் ஒட்டிய தாள் சுருங்கிக் குட்டு அன்றே வெளிப்பட்டிருக்கும்.

தொட்டியில் உள்ள கிரிப்டோகொரைன் செடிகள் தப்பிவிட்டன. நம் நாட்டு ஓடைக்கரை நிழலில் வளர்ந்து பழகிய இனம் அது. தரையில் பாயாகப் படர வேண்டிய குளோசோஸ்டிக்மாதான் வெளிச்சம் தேடி மேலே நெட்டி வளர்ந்து, மஞ்சளாகி, போய்விட்டது. அந்தச் செடிக்கு நான் உங்களிடம் பணம் கேட்கவில்லை.

கேட்பது இதுதான். ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாக வளைத்த, அனோடைஸ் செய்த அலுமினிய ரிஃப்ளெக்டரை, துருப்பிடிக்காத ஆணிகளுடன், உங்கள் செலவில் பூட்டித் தாருங்கள். முடியாதென்றால் 38,500 ரூபாவையும் திருப்பித் தந்து மூடியை எடுத்துச் செல்லுங்கள். எவர்சில்வர் வேண்டாம். புதிதாகத் தாள் ஒட்டித் தருவதும் வேண்டாம். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் இதே பற்றுச்சீட்டுடன் முறைப்பாடு செய்வேன்.

உரிந்த துணுக்குகள் சிலவற்றைப் பொலித்தீன் உறையில் இட்டு இத்துடன் அனுப்புகிறேன். தகரத்தைப் பார்க்க ஆள் அனுப்புவதென்றால் மாலை 5 மணிக்குப் பின் அனுப்புங்கள். காந்தம் இங்கேயே இருக்கிறது.

இங்ஙனம்,
(கையொப்பம்)
வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, புகைப்படங்கள் 4, உரிந்த துணுக்குகள்