கை நீட்டக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பின் அண்டை வீட்டாருக்கும் ஸ்தோத்திரம்.

மூன்று மாதத்துக்கு முன்பு செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் மோட்டார் சறுக்கி என் தொடை எலும்பு முறிந்தது நம் சுங்கை சிப்புட் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இப்போது ஊன்றுகோலோடு வாசல்வரை நடக்கிறேன். நேரில் நன்றி சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் இந்த மடல்.

தோட்டத்தில் 22 வருடம் மண்டோராக, அதாவது வேலையாட்களுக்குக் கங்காணியாக, இருந்தவன் நான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, நீ குலை வெட்டு, நீ மருந்தடி என்று வேலை பிரித்தே பழகிய வாய். ஜெபத்திலும் அதே குரல்தான். இன்னாருக்குச் சுகம் கொடும், இன்னாருக்கு வேலை கொடும் என்று ஆண்டவருக்கே பெரட்டு வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. அதைத் தாழ்மை என்று வேறு நினைத்திருந்தேன். லூக்கா 18இல் வரும் பரிசேயனும் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை, கவனித்திருக்கிறீர்களா? மார்பில் அடித்துக்கொண்டு கிருபை கேட்டவன் ஆயக்காரன்தான்.

"யாரிடமும் கை நீட்டாதே" என்பது அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்க, மலேசியத் தமிழர் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் பத்து வெள்ளிப் பணம் கட்டியவர் அவர். (அந்தப் பத்து வெள்ளியே ஊரெல்லாம் தோள் கொடுத்த கணக்குதான் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.)

அப்படிப்பட்டவனுக்கு ஓர் இரவு வயிற்றுப்போக்கு. எதிர்வீட்டுத் தம்பி, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற பிள்ளை, ஓடி வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்துக் கழுவிவிட்டான். நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் சாயுங்க ஐயா" என்றான், அவ்வளவுதான். தம்பி, அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. நன்றியப்பா.

மாதர் சங்கத்துப் பெரியம்மாவுக்கும் நன்றி. என் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "ஆண்டவரே, இவனால முடியல, நீங்க பாத்துக்குங்க" என்று ஜெபித்தார். எழுந்து போய் வாசலில் செருப்பு தேடினார். அரைமணி நேரம் நான் ஏறெடுத்த பழைய ஜெபம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. இந்த ஒரு வரியைத்தான் இப்போது தினமும் காலையில் சொல்கிறேன், 'இவனால' என்பதை 'என்னால' என்று மாற்றி.

கால் முழுதாகச் சரியாகவில்லை, அரை அங்குலம் குட்டைதான். பவுல் அப்போஸ்தலன் மூன்று தரம் வேண்டியும் அவர் மாம்சத்திலிருந்த முள் நீங்கவில்லையே, சரி, இருக்கட்டும்.

லோரியை நிறுத்தி என்னைத் தூக்கிய மலாய்க்கார அண்ணனுக்கும், ஈப்போ மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோய்க் கொண்டுவந்த வாலிபர்களுக்கும், மதியமானால் கேட்காமலே சாப்பாடு அனுப்பிய வீடுகளுக்கும் நன்றி. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பதில் 'எங்களுக்கு' இரண்டு தரம் வருவதை உங்கள் ரசம் சாதம்தான் காட்டிக்கொடுத்தது.

அப்புறம், பாத்திரங்களைக் கழுவி வைத்திருக்கிறோம். ஒரு நீல மூடி மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், என்னைப் படியேற்ற மட்டும் யாராவது இரண்டு பேர் வாருங்கள்.