செவிலியர் சங்க ஆண்டறிக்கை: ஒரு பணியிடத்துக்கு எத்தனை பேர்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு சங்கம் அதிக நேரம் செலவிட்டது செவிலியர் தேவையைக் கணக்கிடும் முறைக்கே. படுக்கை எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. முப்பது படுக்கை உள்ள இரண்டு வார்டுகளில் வேலை ஒரே அளவில் இருப்பதில்லை. அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் பணிச்சுமைக் கணக்கு முறையை உறுப்பினர்களுக்குக் கற்பித்தோம்.

முதல் படி, ஒரு செவிலியர் ஆண்டில் உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைப்பார் என்பது. வாரம் 5 நாள் என்றால் 260 நாள். விடுப்பு 20, பொது விடுமுறை 10, மருத்துவ விடுப்பு 10, பயிற்சி 5 என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 215 நாள். நாளுக்கு 8 மணி வீதம் 1,720 மணி. இரவு பகலாக ஒருவர் இருந்தே ஆகவேண்டிய இடத்துக்கு ஆண்டுக்கு 8,760 மணி வேண்டும். 1,720-ஆல் வகுத்தால் 5.1 பேர். மூன்று ஷிப்ட் மாற்றத்துக்கும் தலா அரை மணி ஒப்படைப்பு நேரம் சேர்த்தால் 5.4. மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் என்று போடப்படும் கணக்கு விடுப்பையும் வார ஓய்வையும் மறந்துவிடுகிறது. அந்தக் குறையை இரட்டை டியூட்டி பார்ப்பவர்களின் உடம்புதான் சுமக்கிறது.

அடுத்தது ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரம். காயத்துக்குக் கட்டுப் போட 20 நிமிடம் என்றால் ஒருவர் ஆண்டுக்கு 5,160 கட்டு போடலாம்; 12,900 கட்டுக்கு 2.5 பேர். பதிவேடு, கூட்டம், மருந்து இருப்புச் சரிபார்ப்பு முதலிய பொது வேலைகளையும் இதில் சேர்க்கவேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். பொது வேலை மொத்தப் பணி நேரத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொண்டால் பெருக்கவேண்டியது 1.2 அல்ல, 1.25. மிச்சமிருக்கும் 80 சதவீத நேரத்தில்தான் நோயாளி வேலை முழுவதும் நடக்கவேண்டும். நோயாளி வேலைக்கு மட்டும் 40 பேர் என்று வந்திருந்தால் சரியான விடை 50. தவறான கணக்கு 48-இல் நின்று இரண்டு பேரை விழுங்கிவிடும்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. பதிவேட்டில் இருப்பது செய்து முடித்த வேலை மட்டுமே. ஆள் இல்லாததால் விட்டுப்போன பராமரிப்பும், மருத்துவமனைக்கே வராத நோயாளியும் அதில் இல்லை. 10,000 மக்களில் 1,500 பேருக்கு நீரிழிவு, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 4 முறை 20 நிமிடப் பார்வை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 மணி. பொது வேலையும் சேர 1.45 செவிலியர் வேண்டும். பாதிப் பேரே வந்தால் பதிவேடு 0.73 போதும் என்று சொல்லும். பற்றாக்குறை இப்படித்தான் தன்னைத்தானே நியாயப்படுத்திக்கொள்கிறது. எனவே மக்கள்தொகை, வயது, நோய்ப்பரவல் ஆகியவற்றிலிருந்து வரும் கணக்கையும் பக்கத்தில் வைத்தே பேசவேண்டும் என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து.

2025-இல் வெளியான உலகச் செவிலியர் நிலை அறிக்கைப்படி 2023-இல் உலகில் 2.98 கோடி செவிலியர் இருந்தனர். பற்றாக்குறை 58 லட்சம். இருக்கும் செவிலியரில் 78 சதவீதத்தினர், உலக மக்களில் 49 சதவீதத்தினர் மட்டுமே வாழும் நாடுகளில் இருக்கிறார்கள்.

படிப்பு இடங்களைக் கூட்டுவதால் உடனே ஆள் கிடைத்துவிடாது. நான்காண்டுப் படிப்பில் இன்று சேரும் 100 பேரில் 85 பேர் தேறி, அவர்களில் பத்தில் ஒன்பது பேர் வேலைக்கு வந்தால், ஐந்தாம் ஆண்டில் கிடைப்பது 76 அல்லது 77 பேர். அவர்களைப் பழக்க அனுபவசாலிகளின் நேரமும் போகும். இருப்பவர்கள் விலகாமல் காப்பதே விரைவில் பலன் தரும் வழி: முன்கூட்டியே தெரியும் டியூட்டி அட்டவணை, தொடர் இரவுப் பணிக்கு வரம்பு, மறுக்கப்படாத விடுப்பு.

வரும் ஆண்டில் ஒவ்வொரு வார்டிலும் இரண்டு வாரம், மூன்று ஷிப்டிலும், விட்டுப்போன பராமரிப்பைக் குறிக்கும் படிவம் நிரப்பப்படும். பெயர் எழுதவேண்டாம், எது விடுபட்டது, ஏன், எந்த ஷிப்ட் என்பது போதும். பெயர் கேட்டால் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள். இப்படிவத்துக்கும் வரவு செலவுக் கணக்குக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்