காத்திருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

விசுவமடு
சித்திரை 2025

அன்புள்ள அம்மாவுக்கும், கிளிநொச்சி வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் என்னைப் பார்க்கும் டொக்டருக்கும், அங்கே உளவளத்துணை வழங்கும் அக்காவுக்கும், எங்கள் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் அண்ணைக்கும், பிரதேச செயலகத்தில் வேலை தேடுவோரின் விபரங்களைப் பதியும் மிஸ்ஸுக்கும், பரந்தனில் அரிசி ஆலை நடத்தும் ஐயாவுக்கும் வணக்கம்.

கடந்த பெரும்போக அறுவடைக் காலம் முழுவதும் ஐயாவின் ஆலையில் நெல் வரவுப் புத்தகத்தை எழுதியவன் நான்தான் என்பது உங்களில் சிலருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு நான் இன்னமும் கேட்ட கேள்விக்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெடியனாகவே இருப்பேன். உங்களில் பலர் ஒருவரை ஒருவர் அறியமாட்டீர்கள். ஒருவர் செய்த உதவி இன்னொருவர் செய்ததோடு எங்கே போய்ப் பொருந்தியது என்பதைக் கண்டவன் நான் ஒருவன்தான் என்பதால், தனித்தனியே நன்றி சொல்லாமல் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்படியாக இதை எழுதுகிறேன்.

நான் 2015இல் வர்த்தகப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதியவன். பெறுபேறு குறை சொல்லக்கூடியதல்ல. ஆயினும் அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகள் கச்சான் பிடுங்கவும், மேசன்மாருக்குக் கையாளாக நிற்கவும், மற்றவர்களுடைய வயலில் மருந்தடிக்கவும் போனேன். அந்த வேலைகளில் எவரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதே காரணம். நேர்முகத் தேர்வுக்கு ஏழு தடவை கடிதம் வந்தது. அவற்றில் மூன்று தடவை வாசல் வரை போய், உள்ளே இருப்பவர்களின் குரல் கேட்டதும் திரும்பி வந்து, வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். ஒரு தடவை பேருந்தில் ‘இறக்கம்’ என்று சொல்ல நா எழாமல் போய், வேறொருவர் இறங்கிய தரிப்பிடத்தில் நானும் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து போய்ச் சேர்ந்தபோது என் பெயரைக் கூப்பிட்டு முடிந்திருந்தது. உள்ளே போன மற்ற மூன்றில் ஓரிடத்தில், வாய் திறக்காத ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஏலாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

டொக்டர், 2023இல் நான் உங்களிடம் வந்த முதல் நாளில் நீங்கள் 2009 பற்றியும் கேட்டீர்கள். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு என்ன வருத்தம் வந்தாலும் போரால் வந்தது என்று சொன்னால் எவரும் மறுத்துப் பேசுவதில்லை. வெட்கத்தால் வந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். அதனால் எனக்கும் அந்த விடையே வசதியாக இருந்தது. பதின்மூன்று வயதில் புதுமாத்தளனால் வெளியே வந்து மெனிக் பாம் முகாமில் இருந்தவன் என்று நான் எழுதிக் கொடுத்த துண்டைப் பார்த்து, நீங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். நீங்களோ கனவுகளைப் பற்றியும் திடுக்கிடுவதைப் பற்றியும் விசாரித்துவிட்டு, “தனிய இருக்கேக்கையும் நெஞ்சு படபடக்குமோ, ஆக்கள் பாக்கேக்கை மட்டுமோ?” என்று கேட்டீர்கள். நான் விடை சொல்ல எடுத்த நேரம் எனக்கு மிக நீண்டதாகத் தெரிந்தது. வெளியே வரிசை நின்றது. நீங்கள் பேனையை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தீர்கள். ஆட்கள் பார்க்கும்போது மட்டும் என்று சொன்னேன்.

இதற்குச் சமூகப் பதகளிப்பு என்று பெயர் என்றும், போரே காணாத நாடுகளிலும் இது பெரும்பாலும் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கிறது என்றும், 1980இலேயே அமெரிக்க உளமருத்துவர்களின் கையேட்டில் இது தனியொரு நோயாக இடம்பெற்றுவிட்டது என்றும் நீங்கள் விளங்கப்படுத்தியபோது எனக்கு முதலில் வந்தது ஆறுதல் அல்ல, கோபம். நான் பிறப்பதற்கு முன்னரே பெயர் வைக்கப்பட்ட ஒன்றை இத்தனை ஆண்டுகளாக என் குணம் என்று நம்பியிருந்தேனே என்ற கோபம் அது. செர்ட்ரலின் குளிசை வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் எடுக்கும், முதலில் வயிற்றைக் குமட்டலாம், நினைத்தவுடன் நிறுத்தக்கூடாது என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால், இரண்டாம் கிழமையிலேயே அதைக் கிணற்றடியில் வீசியிருப்பேன்.

உளவளத்துணை அக்கா, உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகையானது. ஆட்கள் முன்னிலையில் நான் செய்யும் சின்னச் சின்னத் தற்காப்புகளை எல்லாம், கண்ணைப் பார்க்காமல் நிற்பது, கை நடுங்குவது தெரியாமல் காற்சட்டைப் பைக்குள் விடுவது, சொல்லப்போகும் வசனத்தை மனதுக்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்ப்பது, அம்மாவைப் பேச விடுவது என்று ஒரு தாளில் எழுதச் சொன்னீர்கள். இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்பார்கள், இவை இருக்கும் வரை பேசினாலும் ஒன்றும் நடக்காது என்பதை மனம் அறிந்துகொள்ள வாய்ப்பே வராது என்றீர்கள். நான் அன்று உங்களோடு வாதாடினேன். முகாமின் பதிவு வரிசையிலும் ஓமந்தைச் சோதனைச் சாவடியிலும் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு நிற்க, பெரியவர்களே பதில் சொன்னார்கள். அங்கே பேசாமல் நின்றதுதானே பாதுகாப்பு என்று கேட்டேன். நீங்கள் அதை மறுக்கவில்லை. அப்போது அது சரி, இப்போது எதிரில் இருப்பவர் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர் என்று மட்டுந்தானே கேட்கிறார் என்றீர்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்தில் நெடுநேரம் அதையே யோசித்தேன்.

என்னைக் கைபேசியில் பதிவு செய்து காட்டியதையும் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் பேசச் சொன்னீர்கள். முகம் சிவந்து, குரல் உடைந்து, கை உதறியபடி இருந்திருப்பேன் என்று நான் நினைத்திருக்க, திரையில் தெரிந்தது சற்று மெதுவாகப் பேசும் ஒரு சாதாரண ஆள். என் கவனம் முழுவதும் எனக்குள்ளேயே திரும்பியிருப்பதால் உள்ளே உணர்வதையே மற்றவர்களும் காண்கிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறேன் என்பதை நீங்கள் முன்பும் சொல்லியிருந்தீர்கள். பார்த்த பிறகே நம்பினேன். சந்தையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வரச் சொன்ன வீட்டு வேலைக்கு மட்டும் இன்னும் முழுமனதோடு நன்றி சொல்ல முடியவில்லை. அந்த மரக்கறிக்கார ஆச்சி என்னை இன்றும் முறைத்துப் பார்க்கிறார்.

அம்மா, மடலின் தொடக்கத்தில் உங்களுக்கு முதலிடம் தந்துவிட்டு இவ்வளவு பிந்தி உங்களிடம் வருகிறேன். அக்கா உங்களைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் தம்பிக்காக நீங்கள் பதில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது எனக்குப் பின்னர்தான் தெரியும். அடுத்த கிளினிக் நாளில் மருந்து கொடுக்கும் யன்னலில் பெயர் கேட்டார்கள். வழக்கம்போல உங்கள் குரல் வரும் என்று நின்றேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் நீங்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தபடி சுவரில் இருந்த டெங்கு விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தீர்கள். பின்னால் நின்றவர் செருமினார். உள்ளேயிருந்தவர் மறுபடியும் கேட்டார். என் பெயரை நானே சொன்னேன், கிளினிக் கொப்பி இலக்கத்தையும் சொன்னேன். வீடு வரும் வரை நீங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. என் வாழ்நாள் முழுவதும் எனக்காகப் பேசிய ஒருவருக்கு அந்த யன்னலடியில் பேசாமல் நிற்பது எவ்வளவு பாடாக இருந்திருக்கும் என்பதை இப்போது விளங்கிக்கொள்கிறேன். நீங்கள் பேசியதற்கும் நன்றி, அன்று பேசாமல் நின்றதற்கு அதைவிடப் பெரிய நன்றி.

கடைக்கார அண்ணை, உங்கள் கடைச் சுவரில் 1926 என்ற உளநல உதவி இலக்கம் ஒட்டியிருந்தது. தொலைபேசியில் பேசப் பயப்படுகிறவன் அதை எப்படி அழைப்பது என்று நான் முணுமுணுத்தது உங்கள் காதில் விழுந்ததிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. சுயவிபரக்கோவையைப் பிரதி எடுக்க வந்த என்னை முன்னால் நிற்க வைத்துவிட்டு, பின் அறைக்குள் போய் என் கைபேசிக்கு அழைப்பெடுத்து, “வணக்கம், முகாமையாளர் கதைக்கிறன், உம்மட விண்ணப்பம் கிடைச்சது” என்று இல்லாத குரலில் பேசினீர்கள். முதல் நாள் நான் துண்டித்துவிட்டேன். நீங்கள் மறுபடியும் எடுத்தீர்கள். ஒரு மாதத்துக்கு மேல், கடையில் ஆள் குறைந்த நேரம் பார்த்து இப்படி நடந்தது. முகாமையாளர் சில நாட்களில் கோபக்காரர், சில நாட்களில் காது கேட்காதவர், ஒரு நாள் என் சாதகத்தையும் கேட்டார். நான் தடுமாறி நின்ற போதெல்லாம் நீங்கள் சொல்லை எடுத்துத் தரவில்லை; மறுமுனையில் உங்கள் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

பிரதேச செயலக மிஸ், என் கோவையைப் பதிந்துவிட்டு அனுப்பாமல், நேர்முகத்தில் வழமையாகக் கேட்கப்படும் கேள்விகளை எழுதித் தந்ததற்கும், ஆலைக்காரருக்கு என்னைப் பற்றிச் சொல்லும்போது என் அனுமதி கேட்டே நோயைக் குறிப்பிட்டதற்கும் நன்றி. இரக்கப்பட்டுச் சொல்லாமல், இவருக்குக் கணக்கு வரும், பேச்சுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்று மட்டும் சொன்னீர்களாம்.

ஆலை ஐயா, கதிரையில் இருத்தி ஆறு கேள்வி கேட்பதற்குப் பதிலாக, “ஒரு நாள் வந்து புத்தகம் எழுதிப் பாரும் தம்பி, பிறகு கதைப்பம்” என்றீர்கள். நேர்முகத் தேர்வில் தோற்றுப்போகும் பலர் வேலையில் தோற்கமாட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். அதைச் சோதித்துப் பார்க்க மனம் வந்த முதலாளியை முதல் தடவையாகக் கண்டேன். மாசி மாதம் இரணைமடுக் குளத்தின் கீழ் விதைத்த ஒருவர் உழவு இயந்திரப் பெட்டி நிறைய நெல்லோடு வந்தார். கருவி ஈரப்பதம் 17 வீதம் காட்டியது. நாங்கள் எடுப்பது 14 வரை. காயவிட்டுக் கொண்டு வரச் சொல்ல வேண்டியவன் நான். அவர் சத்தம் போட்டார், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், காதுக்குள் இரத்தம் அடித்தது. நீங்கள் தராசடியில் நின்றீர்கள், கேட்டுக்கொண்டும் இருந்தீர்கள். ஆனால் கிட்ட வரவில்லை. மூன்று இடத்தில் இருந்து மறுபடியும் நெல் எடுத்து, அவர் கண்முன்னே கருவியில் வைத்துக் காட்டினேன். ஆலை முற்றத்திலேயே காயப்போட இடம் தரலாமா என்று உங்களிடம் கேட்கிறேன் என்றேன். மறுநாள் பின்னேரம் அந்த நெல் ஏறியது.

எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுதினால் டொக்டருக்குக் கோபம் வரும். குளிசை தொடர்கிறது. தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் இன்றும் இரண்டு தடவை அடிக்க விட்டுத்தான் எடுக்கிறேன். பகலில் பேசியதை இரவில் படுத்தபடி திரும்பத் திரும்ப அரைக்கும் பழக்கமும் முழுதாகப் போகவில்லை. ஆனால் பேருந்தில் ‘இறக்கம்’ என்று நானே சொல்லித்தான் பரந்தனில் இறங்குகிறேன்.

அண்ணை, உங்கள் கொப்பியில் என் பெயருக்கு நேரே பிரதிகளுக்கான 340 ரூபாய் இன்னமும் இருக்கிறது. அதை இந்த மடலோடு சேர்த்துக் கொடுத்துவிட அம்மாவிடம் பணம் இருந்தது, நான்தான் வேண்டாம் என்றேன். வருகிற சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தாய்மாரும் நிறைந்து நிற்கும் நேரத்தில் வந்து, எவ்வளவு என்று சத்தமாகக் கேட்டுத் தருகிறேன். தயவுசெய்து அன்றைக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புக்குரியவன்