என்.சி.சி.: முதலாண்டிலேயே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகளில் முதலாண்டுச் சேர்க்கை நடக்கும் நேரம் இது. என்.சி.சி. எனும் தேசிய மாணவர் படையில் சேரட்டுமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, "படிப்பு கெட்டுவிடும்" என்பதே பல வீடுகளில் பதில். அதே என்.சி.சி. மூலம் எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரி ஆகலாம் என்பது பலருக்கு இறுதியாண்டில்தான் தெரியவருகிறது. அப்போது சேர வழியில்லை.

என்.சி.சி. சிறப்பு நுழைவு என்பது இந்த வழியின் பெயர். வயது 19 முதல் 25 வரை. திருமணமாகாத ஆண், பெண் இருவருக்கும் உண்டு. பட்டப்படிப்பில் 50 விழுக்காடும், என்.சி.சி. தேர்வு எழுதிப் பெறும் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் வேண்டும். சி.டி.எஸ். எனும் படை அதிகாரித் தேர்வு வழியாக வருவோர், யு.பி.எஸ்.சி. நடத்தும் அந்த எழுத்துத் தேர்வில் தேறினால்தான் எஸ்.எஸ்.பி. எனும் அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்குப் போகலாம், என்.சி.சி. வழியில் வருவோருக்கு அந்தத் தேர்வு கிடையாது. தேர்வானால் 49 வாரப் பயிற்சி நம் பரங்கிமலை அகாடமியில். பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை.

சறுக்கும் இடம் 'சி' சான்றிதழ்தான். முதலில் 'பி' சான்றிதழ்த் தேர்வில் தேற வேண்டும். பரேடு வருகை 75 விழுக்காடு, அத்துடன் முகாம்களும் கணக்கில் வரும். செமஸ்டர் தேர்வுக்குப் பயந்து முகாமைத் தள்ளிப்போடுகிற மாணவருக்கு, கடைசியில் முகாம் கணக்கு குறைகிறது. 'சி' தேர்வு எழுத முடிவதில்லை. ஆகவே பத்து நாள் நடக்கும் முதல் முகாமை இரண்டாமாண்டுக்குள் முடித்துவிடுவது நல்லது.

அடுத்தது நாள்காட்டி. அக்டோபர் பயிற்சிக்கான அறிவிப்பு ஆண்டுத் தொடக்கத்திலும், ஏப்ரல் பயிற்சிக்கானது ஜூலை, ஆகஸ்டு வாக்கிலும் வரும். பொறியியல் மாணவருக்கு மூன்றாமாண்டு முடிவில் 'சி' கிடைத்தால், நான்காமாண்டில் படித்துக்கொண்டே விண்ணப்பிக்கலாம். பி.ஏ., பி.எஸ்சி. மாணவருக்கு அந்தத் தேர்வே இறுதியாண்டில்தான் வருகிறது. சான்றிதழ் கைக்கு வந்த பிறகே விண்ணப்பம். அந்த இடைவெளியைக் கண்டு சோர்ந்து பலர் விட்டுவிடுகிறார்கள். வயது வரம்பு 25 என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. அரியர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: 50 விழுக்காடு தகுதி மட்டுமே, மதிப்பெண் பார்த்துத்தான் எஸ்.எஸ்.பி.க்கு அழைப்போரின் பட்டியலைச் சுருக்குகிறார்கள்.

பெயரில் கவனம் தேவை. நம் ஊரில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலும், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயரும் இருக்கும். என்.சி.சி. பதிவேட்டில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். பின்னால் திருத்தக் கல்லூரிக்கும் பட்டாலியனுக்கும் அலைய வேண்டாம்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். முதல் நாள் வடிகட்டலிலேயே பெரும்பகுதியினர் திரும்பிவிடுவார்கள். மங்கலான படத்தை 30 விநாடி காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். பிறகு குழு விவாதம். மனப்பாடம் செய்த வீரக் கதையும், விவாதத்தில் போடும் கூச்சலும் இங்கே எடுபடாது. மறுநாள் 60 சொற்களைக் காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுத 15 விநாடி. 60 சூழல்களில் என்ன செய்வீர்கள் என்று எழுத மொத்தம் 30 நிமிடம். ஆங்கிலத்தில் சிறு வாக்கியம் வேகமாக எழுதும் பழக்கம் இல்லாததால் நம் கிராமத்துப் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அறிவில் குறைவில்லை, கை ஓடவில்லை. தினமும் அரை மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதினால் சில மாதங்களில் சரியாகும்.

உடல் தகுதியைக் கடைசி மாதத்தில் கூட்ட முடியாது. பயிற்சிக்கு வரும் ஆண்கள் 2.4 கி.மீ. தூரத்தை 10 நிமிடம் 30 விநாடியில் ஓடவும், 40 புஷ்-அப், 6 புல்-அப் எடுக்கவும் தயாராக வர வேண்டும். நீச்சலும் தெரிந்திருக்க வேண்டும். பச்சை குத்திக்கொள்ளும் முன் யோசியுங்கள்: முன்கையின் உட்பக்கத்திலும் புறங்கையிலும் தவிர வேறிடத்தில் இருந்தால் மருத்துவப் பரிசோதனையில் தடையாகும், பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு.

சேர்க்கை நாளில் பேருந்துச் சலுகை, விடுதிக் கட்டணம் பற்றியெல்லாம் விளக்கும் கல்லூரிகள், என்.சி.சி. பொறுப்பாசிரியரைப் பத்து நிமிடம் பேசவைத்தால் போதும். பெற்றோரும் உடன் இருக்கும் அந்த ஒரு நாளில் பேசவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி