ராத்திரி 2 மணிக்கு வருகிற காய்ச்சலுக்கு என்ன ஏற்பாடு?

டெல்டா மாவட்டங்களின் நலப்பணிகள் இணை இயக்குநர்களுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு வென்டிலேட்டர், ஆக்சிஜன் டேங்க் என்று நிறையவே வந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கொடிய தொற்றோடு வரும் ஒருவர் தனி வார்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முந்தைய அரைமணி நேரம்தான் என் கவலை. அதுவும் மன்னார்குடி, பட்டுக்கோட்டை, சீர்காழி மாதிரி ஊர்களில், ராத்திரியில்.

2018 மே மாதம் கேரளாவில் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். முதல் நோயாளியிடமிருந்து மற்றவர்களுக்கு அது தொற்றியது பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்ளேதான். வார்டில் மட்டுமல்ல, ஸ்கேனுக்குக் காத்திருந்த நடைபாதையிலும். பேராம்பிரா தாலுக்கா மருத்துவமனையில் அவரைக் கவனித்த செவிலியர் லினி உயிரிழந்தார். ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் அதே அறிகுறிகளோடு வந்ததைக் கவனித்துச் சந்தேகப்பட்ட மருத்துவர்களால்தான் நோய் பிடிபட்டது.

அந்தச் சந்தேகம் நம் ஊரில் யாருக்கு வரும்? ஐப்பசி, கார்த்திகையில் ஓ.பி. வரிசையைப் பாருங்கள். வயல் சேற்றில் நின்றவருக்கு எலிக்காய்ச்சலாக இருக்கலாம், டெங்குவாக இருக்கலாம், உண்ணிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். புதிதாக ஒன்று வந்தால் இந்தக் கூட்டத்தில் அடையாளமே தெரியாது. இருமிக்கொண்டே ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஊசி போட வந்த கர்ப்பிணி. அந்த இருமுகிறவரை முதலில் பார்ப்பது டாக்டர் இல்லை. சீட்டு எழுதுபவரும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியும்தான். "சமீபத்துல வெளியூர் போனீங்களா? வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்ற இரண்டு கேள்விகளை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். சந்தேகம் வந்தால் அந்த நோயாளிக்கு ஒரு மாஸ்க், காற்றோட்டமுள்ள தனி இடத்தில் ஒரு நாற்காலி. இதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. கேரளா, கோவா, மும்பை என்று எங்கிருந்தெல்லாமோ ஜனம் வரும். கோழிக்கோட்டில் 2021-லும் 2023-லும் நிபா தலைகாட்டியது செப்டம்பரில். வருகிறவர்களைச் சந்தேகத்தோடு பாருங்கள் என்று சொல்லவில்லை. நாகப்பட்டினம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அந்த மாதம் கண் கொஞ்சம் கூடுதலாக விழித்திருக்கட்டும்.

அப்புறம் பாதுகாப்பு உடை. கொரோனா காலத்தில் போட்டுக்கொள்ள எல்லோரும் பழகினோம், கழற்றத்தான் சரியாகப் பழகவில்லை. ஆபத்து அங்கேதான். முதலில் கையுறை, பிறகு கண்ணாடி, கவுன். மாஸ்க் கடைசியில், அதுவும் அறைக்கு வெளியே வந்த பிறகு. ஒவ்வொரு படிக்கும் நடுவில் கை சுத்தம். களைத்துப்போன நேரத்தில் முதலில் மாஸ்க்கைத்தான் இழுக்கத் தோன்றும். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கும் இதே பயிற்சி வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் அவர்களைப் பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டதே இல்லை. ஆனால் வாந்தியைத் துடைப்பது அவர்கள்தானே.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர். நிர்வாகம் புதுச்சேரி, தமிழ்நாடு என்று இரண்டு. நோயாளிகளோ எது பக்கமோ அங்கே போவார்கள். காரைக்காலில் வயிற்றுப்போக்கு கூடுகிறது என்றால் அன்று மாலையே இங்குள்ள இரவுப் பணி மருத்துவருக்குத் தெரிய வேண்டும். தாளில் கடிதம் வந்து சேரும் வரை காத்திருக்க முடியாது.

ரத்த மாதிரியை ராத்திரியில் யார் எடுத்துப்போவது, எந்தப் பெட்டியில், எந்த ஆய்வகத்துக்கு, யாருக்கு முதல் போன் என்பது ஒரே தாளில் அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டியிருக்கட்டும். கஜா புயல் வந்தபோது பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ஆகவே மாதிரியைக் குளிரில் வைக்க ஜெனரேட்டரை மட்டும் நம்பாத ஒரு வழியும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

ஒத்திகையை கலெக்டர் வருகிற காலை 11 மணிக்கு வைக்காதீர்கள். முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு தாலுக்கா மருத்துவமனையில், ராத்திரி 2 மணிக்கு ஒரு போலி நோயாளியை அனுப்பிப் பாருங்கள். எங்கே சறுக்கியது என்பதை அன்று டியூட்டியில் இருந்த சிஸ்டரிடமும் செக்யூரிட்டியிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்காக யாருக்கும் மெமோ மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்