பிரஷர் பார்க்கிறார்கள், காதை யார் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறதி நோய் பற்றித் தாங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். நடைப்பயிற்சி, தூக்கம், வல்லாரைத் துவையல், குறுக்கெழுத்து என்று எல்லாம் இருந்தன. காதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு வழிவகுப்பவற்றில் நம்மால் மாற்றக்கூடியவை 14 என்கிறது. அத்தனையையும் களைய முடிந்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அதன் கணக்கு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகை, மது, தனிமை எல்லாம் அதில் உண்டு. ஆனால் தலா 7 சதவீதம் என அதிகப் பங்கு பெறுபவை இரண்டு: கெட்ட கொழுப்பும் காது கேளாமையும். வல்லாரை அந்த அறிக்கையில் இல்லை. துவையல் ருசியாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

மாலையில் எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்க வருபவர்களைக் கேட்டுப் பாருங்கள். போன மாதச் சர்க்கரை அளவை மனப்பாடமாகச் சொல்வார்கள். காதைப் பரிசோதித்தீர்களா என்றால், "நான் என்ன செவிடா?" என்று முகம் சிவக்கும். நாற்பது வயதில் கண்ணாடி போடக் கூச்சமில்லை. எழுபதிலும் காது மெஷின் என்றால் மானப் பிரச்சினை. முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் அருகிலேயே காலம் கழித்தவர்கள் கத்திப் பேசுவதை நாம் கடற்கரைப் பேச்சு என்று சொல்லிச் சிரித்துவிடுகிறோம்.

வயதானால் முதலில் கீச்சென்ற உயர்சுருதி ஒலிகள் போகும். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. விட்டுப்போனதை ஊகிக்கவே மூளை உழைப்பதால் நினைவில் வைக்கத் தெம்பு குறைகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதைவிடக் கண்கூடானது, அவர் மெல்லப் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுவது. கல்யாண வீட்டில் ஓரத்து நாற்காலியில் சும்மா சிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர் நம் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.

நோய் வந்த பிறகும் காதுக்கு வேலை இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அக்காவுக்கு மறதி நோய். "மோர் ஊற்றட்டுமா?" என்றால் "சோறு போதும்" என்பார். எல்லாம் நோயின் கணக்கில் சேர்ந்தது. ஒரு மருத்துவர் "வயசானால் அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். வேறிடத்தில் முறையாகச் செவித்திறன் சோதனை செய்து கருவி பொருத்திய பிறகு மோர் மோராகவே கேட்கிறது. மறதி போகவில்லை, இன்றும் மகளைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்கிறார். ஆனால் அதட்டலும் அழுகையும் வீட்டில் குறைந்திருக்கின்றன. கருவியை அவர் கழற்றி ஒளித்து வைப்பது தனிக்கதை. சுருக்குப்பையில் கொட்டைப்பாக்கோடு கிடந்ததை ஒருமுறை மருமகள் கண்டெடுத்தாள். இப்போது ஒரு கயிறு கட்டிச் சட்டையில் குத்தியிருக்கிறோம். டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து முகம் தெரியப் பேசினால் பாதிச் சிக்கல் தீர்கிறது. இதற்குக் காசும் வேண்டாம்.

கருவி மந்திரக்கோல் என்று சொல்ல வரவில்லை. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்றாண்டுகளில் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பலன் தெரியவில்லை. மூளைத்திறன் குறையும் அபாயம் அதிகமிருந்த முதியவர்களுக்குத்தான் அந்தச் சரிவு 48 சதவீதம் மெதுவானது. நம் ஊரில் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தே இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஆய்வு நமக்கு அந்நியமாகத் தெரியாது.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். அதே வருகையில் அறுபது தாண்டியவரின் பின்னால் நின்று மெல்லிய குரலில் நாலு சொல் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னால் என்ன? தவறினால் காது மருத்துவரிடம் அனுப்பலாம்; சில சமயம் வெறும் குறும்பிதான் அடைத்திருக்கும். ஏழை முதியவர்களுக்குக் கருவி தரும் மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் இருக்கிறது. அதற்கு எங்கே, என்ன சான்றுகளோடு விண்ணப்பிக்க வேண்டும் என்பதைக் கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்காகத் தாங்கள் விசாரித்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.