நிஞ்ஜா எச்-2: வேகத்தை மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் கவாஸாகியின் நிஞ்ஜா எச்-2 மோட்டார் சைக்கிள் குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். மணிக்கு 400 கிலோமீட்டர் வேகம் செல்லும் வண்டி நம் சாலைகளிலும் ஓடுகிறது என்று பொருள் கொள்ளும்படி அது எழுதப்பட்டிருந்தது. இரண்டு வெவ்வேறு வண்டிகளின் செய்திகள் அதில் கலந்துவிட்டன. கல்லூரி மாணவர்கள் விரும்பிப் படிக்கும் பக்கம் என்பதால், இந்தக் குழப்பம் அப்படியே நின்றுவிடக் கூடாது என்று கருதி எழுதுகிறேன்.

2014-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் முதலில் அறிமுகமானது எச்-2ஆர். அதே ஆண்டு நவம்பரில் இத்தாலியின் மிலன் நகரில் எச்-2 வந்தது. இரண்டிலும் 998 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இன்ஜினும், அதற்குள் காற்றை அமுக்கிச் செலுத்தும் சூப்பர்சார்ஜர் என்ற கருவியும் உண்டு, உருவத்திலும் உடன்பிறப்புகளே. ஆனால் 310 குதிரைத்திறன் கொண்ட எச்-2ஆர் பந்தயத் தடத்துக்கு மட்டுமே உரியது. முகப்பு விளக்கோ பக்கக் கண்ணாடியோ அதில் கிடையாது. வரிப்பள்ளமே இல்லாத பந்தய டயர்களில் ஓடும் அதைச் சாலைக்கெனப் பதிவு செய்ய முடியாது. சாலையில் ஓட்டத் தகுந்த எச்-2, தொடக்கத்தில் 200 குதிரைத்திறனுடனும், 2019 முதல் 231 குதிரைத்திறனுடனும் விற்கப்பட்டது.

கட்டுரை குறிப்பிட்ட 400 கிலோமீட்டர் வேகம் எச்-2ஆருக்கு உரியது. துருக்கியின் இஸ்மித் வளைகுடாவைக் கடக்கும் ஒஸ்மான் காஸி பாலத்தில், 2016 ஜூன் 30 அன்று, போக்குவரத்து எதுவும் இல்லாத நேரத்தில் அந்த ஓட்டம் நடந்தது. ஓட்டியவர் உலக சூப்பர்ஸ்போர்ட் மோட்டார் சைக்கிள் பந்தயப் பட்டத்தை ஐந்து முறை வென்ற கெனான் சோஃபுவோலு. 26 வினாடிகளில் அந்த வேகத்தை அவர் எட்டினார். நம் நாட்டில் நான்குவழி நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-இல் நிர்ணயித்த உச்சவரம்பு 80 கிலோமீட்டர். எச்-2 அதை முதல் கியரிலேயே தாண்டிவிடும். இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைக்காமல் 400 என்ற எண்ணை மட்டும் தலைப்பில் போடுவது வாசகருக்கு நன்மை செய்யாது.

வேகத்தைவிட வியப்பூட்டுவது அந்த வேகம் பிறக்கும் விதம். கட்டுரையில் அதற்கு ஒரு வரி கூட ஒதுக்கப்படவில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். சூப்பர்சார்ஜரில், இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் தண்டின் சுழற்சியைப் பற்சக்கரங்கள் 9.2 மடங்காகப் பெருக்கி, 69 மில்லிமீட்டர் விட்டமே உள்ள அலுமினிய இம்பெல்லர் (காற்றைத் தள்ளும் இதழ்ச்சக்கரம்) ஒன்றை நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,30,000 முறை சுழற்றுகின்றன. அவ்வேளையில் அதன் விளிம்பு நொடிக்கு 460 மீட்டருக்கும் அதிகமாக, அதாவது ஒலியை மிஞ்சிப் பயணிக்கிறது. உள்ளே வரும் காற்றை அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 2.4 மடங்கு வரை அமுக்கித் தருகிறது. விமானங்களும் எரிவாயுச் சுழலிகளும் செய்யும் கவாஸாகி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் குழுமத்தின் மற்றப் பிரிவுகள் கைகொடுத்ததால்தான் சூப்பர்சார்ஜரை வெளியில் வாங்காமல் தாங்களே வடிவமைக்க முடிந்தது.

அமுக்கிய காற்று சூடாகும். 30 பாகை வெப்பத்தில் உள்ள காற்றை 2.4 மடங்கு அமுக்கினால், இழப்பே இல்லாத கருவியில் கூட அது 110 பாகையைத் தாண்டும். 65 சதவீதத் திறன் மட்டுமே உள்ள கருவி என்றால் 160 பாகையைக் கடக்கும். அவ்வளவு சூடான காற்று உள்ளே போனால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்து, மெக்கானிக்குகள் சொல்லும் ‘நாக்கிங்’ உண்டாகி, பிஸ்டன் பாழாகும். கார்களில் இதற்கென்று, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் அதற்கு இடமும் இல்லை, கூடுதல் எடையைத் தாங்கவும் முடியாது. ஆகவே சூப்பர்சார்ஜரின் திறனையே உயர்த்திச் சூட்டைக் குறைக்கும் கடினமான வழியைக் கவாஸாகியின் பொறியாளர்கள் தேர்ந்தார்கள். காற்று தேங்கும் அறையை வெப்பம் கடத்தும் அலுமினியத்தில் செய்தார்கள். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதைக் காட்டும் அமுக்க விகிதத்தையும் எச்-2 இன்ஜினில் 8.5-க்கு இறக்கினார்கள். வெப்ப இயக்கவியல் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

மோட்டார் சைக்கிளுக்கு சூப்பர்சார்ஜர் புதிதன்று. 1939-இல் மேன் தீவின் சீனியர் டிடி பந்தயத்தில் கியோர்க் மையர் வென்றது சூப்பர்சார்ஜர் பொருத்திய பிஎம்டபிள்யூ வண்டியில். போருக்குப் பின் 1946-இல் சர்வதேச மோட்டார் சைக்கிள் பந்தய அமைப்பு பந்தயங்களில் அதைத் தடை செய்தது. கிராண்ட் பிரி பந்தயத்தில் இன்றும் அதற்கு இடமில்லை. பந்தய வெற்றியைக் காட்டி விற்க வழியில்லாத ஒரு தொழில்நுட்பத்தில் ஒரு நிறுவனம் துணிந்து உழைப்பைக் கொட்டியது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த உழைப்பு வீண்போகவுமில்லை. 2018-இல் வந்த எச்-2 எஸ்எக்ஸ் என்ற நெடும்பயண வண்டியில் அமுக்க விகிதத்தை 11.2 ஆக உயர்த்தி, அன்றாட வேகத்தில் எரிபொருள் சிக்கனமும் கிடைக்கும்படி அதே முறையைத் திருத்தி அமைத்தார்கள். சாலையில் செல்வோருக்கு உண்மையில் பயன்படும் வளர்ச்சி இதுதான் என்பது என் கருத்து.

தங்கள் வாகனப் பக்கத்தில் இனி இவ்வண்டிகளைப் பற்றி எழுதும்போது எச்-2, எச்-2ஆர், எச்-2 எஸ்எக்ஸ் என்பவற்றில் எது என்பதையும், அது சாலைக்கு உரியதா, தடத்துக்கு உரியதா என்பதையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வேகமாக ஓட்டிப் பார்க்கும் ஆசை உள்ள இளைஞருக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் உள்ளன என்ற குறிப்பையும் கூடவே வெளியிடலாம். சூப்பர்சார்ஜர் இயங்கும் முறையை வரைபடத்துடன் விளக்கும் தனிக் கட்டுரை ஒன்று வருமானால், பாலிடெக்னிக் மாணவர்கள் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திரவியல் விரிவுரையாளர்,
கோயம்புத்தூர்.